15.6 இன்ச் லேப்டாப், 8 இன்ச் டேப்லெட் இரண்டையும் மாற்ற வேண்டும். திரை அளவுகள் ஏன் இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன?

ஒற்றுப்புள்ளி கேட்டது:

வணக்கம். நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவள். பக்கம் கட்டி முடித்த பிடிஎஃப் எனக்கு வரும். முதல் வாசிப்பை டேப்லெட்டில் கையில் வைத்துக்கொண்டு செய்வேன். இரண்டாவது வாசிப்பில்தான் லேப்டாப்பைத் திறந்து பிழைகளைக் குறிப்பேன். பெரும்பாலும் டெமி அளவுப் புத்தகங்கள், 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். எழுத்து 11 பாயின்ட். எப்போதாவது ஏ4 அளவில் ஆய்வேடு வரும்.

என் லேப்டாப் 15.6 இன்ச், பழைய 1366 × 768 திரை. டேப்லெட் 8 இன்ச். இரண்டுக்கும் வயதாகிவிட்டது. மாற்று தேடினால் நான் பழகிய அளவு எதுவுமே அந்த இடத்தில் இல்லை. லேப்டாப்பில் 14, 16 என்று காட்டுகிறார்கள். டேப்லெட்டில் 8 இன்ச் என்பது ஏதோ குழந்தைகளுக்கான சாமான் போல ஓரத்தில் இருக்கிறது, நல்லவை எல்லாம் 11, 13 இன்ச். ஃபோனோ 6.7, 6.9 வரை வந்துவிட்டது. மடக்கு ஃபோனை விரித்தால் 8 இன்ச்சாம். அதாவது ஃபோன் டேப்லெட்டாகிவிட்டது, டேப்லெட் லேப்டாப்பாகிவிட்டது, லேப்டாப் மட்டும் சுருங்குகிறது.

என் வேலையில் திரை அளவு வெறும் வசதிப் பிரச்சினை இல்லை. 'வர', 'வா' இரண்டையும் பல எழுத்துருக்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'ர'வின் அடியில் இருக்கும் சின்னச் சாய்வு ஒன்றுதான் வித்தியாசம். அது தெரியாத திரையில் நான் எவ்வளவு கவனமாகப் படித்தாலும் 'வர வேண்டும்' 'வா வேண்டும்' என்று அச்சாகிவிடும். புள்ளியும் அப்படித்தான். 'க்'கும் 'க'வும் மாறினால் வாசிக்கிறவர் தடுக்கி விழுவார்.

என் கேள்விகள்: 15.6இலிருந்து 14க்குப் போனால் உண்மையில் எவ்வளவு இழப்பேன்? 8 இன்ச் டேப்லெட் விட்ட இடத்தை மடக்கு ஃபோன் நிரப்புமா? அப்புறம், இந்த இன்ச் எண்ணை நம்பித்தான் வாங்க வேண்டுமா?

---

திரைமாற்றி எழுதியது:

அக்கா, நான் உடைந்த திரைகளை மாற்றிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். லேப்டாப், ஃபோன், டேப்லெட் எல்லாம் கையில் வந்து போகும். என் மேசையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் கிடக்கும். எந்தத் திரை வந்தாலும் ஒளிரும் பகுதியின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

இன்ச் எண் பொய் இல்லை. ஆனால் அது மூலைக்கு மூலை அளந்த குறுக்களவு. திரை எந்த வடிவத்தில் இருக்கிறது என்று தெரியாமல் அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் ஒப்பிட முடியாது. குறுக்களவு மாறாமல் திரையை நீட்டி ஒல்லியாக்கினால் பரப்பு குறைந்துகொண்டே போகும். கடந்த இருபது வருடத்தில் திரைகளுக்கு நடந்ததில் பாதி இந்த வடிவ மாற்றம்தான். எண் ஏறியதை எல்லோரும் பார்த்தார்கள், வடிவம் மாறியதைப் பார்க்கவில்லை.

லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் 15 இன்ச் லேப்டாப் 4:3 வடிவம், அதாவது அகலம் 4 பங்கு என்றால் உயரம் 3 பங்கு. உயரம் 22.9 செ.மீ. அதற்குப் பிறகு 15.4 இன்ச் வந்தது, 16:10 வடிவம். உயரம் 20.7 செ.மீ. 2008, 2009 வாக்கில் 15.6 வந்தது, 16:9 வடிவம். உங்கள் லேப்டாப் அந்த வகைதான், உயரம் 19.4 செ.மீ. எண் 15, 15.4, 15.6 என்று ஏறுகிறது. உயரம் மூன்றரை சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. எழுத்து வேலை செய்கிறவர்களுக்கு அது ஐந்தாறு வரி.

இதற்குக் காரணம் நம் கண்ணோ கையோ இல்லை. திரைத் தகடுகளைப் பெரிய கண்ணாடிப் பலகையிலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். டிவிகள் எல்லாம் 16:9க்குப் போனதும் லேப்டாப் தகடுகளையும் அதே வடிவத்தில் வெட்டுவது ஆலைகளுக்கு லாபமாக இருந்தது, கண்ணாடி வீணாவது குறைந்தது. படம் பார்க்க நன்றாக இருக்கும் என்று சொல்லி விற்றார்கள். பக்கம் பக்கமாகப் படிப்பவர்களை, நிரல் எழுதுபவர்களை யாரும் கேட்கவில்லை. எனக்கு இன்றும் இதில் வருத்தம் உண்டு. 1366 × 768 திரையில் மேலே மெனு, கீழே டாஸ்க்பார் போக நடுவில் ஒரு கீற்றுதான் மிஞ்சும். அதை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே வேலை பார்த்தது.

இப்போது அது திரும்புகிறது. மைக்ரோசாஃப்ட் 2014இல் சர்ஃபேஸ் ப்ரோ 3ஐ 3:2 வடிவத்தில் கொண்டுவந்தது. டெல் 2020இல் எக்ஸ்பிஎஸ் 13 லேப்டாப்பை 16:10க்கு மாற்றியது. அதன் பிறகு மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். நீங்கள் பார்க்கும் 14, 16 இரண்டும் பெரும்பாலும் 16:10தான். (ஆப்பிள் லேப்டாப்கள் 11 இன்ச் மேக்புக் ஏர் தவிர இடையில் 16:9 பக்கம் போகவே இல்லை.)

சரி, உங்கள் இழப்பைக் கணக்குப் போடுவோம். 15.6, 16:9 திரை 34.5 × 19.4 செ.மீ. 14 இன்ச் 16:10 திரை 30.2 × 18.8 செ.மீ. அகலத்தில் நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் போகிறது. உயரத்தில் 6 மில்லிமீட்டர்தான். உங்களுக்குப் பயன்படுவது உயரம், ஆகவே இழப்பு சின்னதுதான். 16 இன்ச் 16:10 திரையோ 34.5 × 21.5 செ.மீ. அகலம் உங்கள் பழைய லேப்டாப்பேதான், உயரம் மட்டும் இரண்டு சென்டிமீட்டர் கூடுதல். 15.6 காணாமல் போகவில்லை அக்கா, வெட்டிக்கொண்டு போன உயரத்தை வாங்கிக்கொண்டு 16 என்ற பெயரில் வந்திருக்கிறது. லேப்டாப் சுருங்குகிறது என்பதும் முழுக்கச் சரியில்லை. 14 இன்ச் எண்ணில் சின்னது, உயரத்தில் உங்கள் பழைய திரைக்கு ஏறக்குறையச் சமம்.

கூடவே ரெசல்யூஷனையும், அதாவது திரையில் எத்தனை பிக்சல் (ஒளிப்புள்ளி) இருக்கிறது என்பதையும் பாருங்கள். உங்கள் பழைய திரையில் ஒரு இன்ச்சுக்கு 100 பிக்சல். 11 பாயின்ட் எழுத்தை அசல் அளவில் காட்டினால் அந்த எழுத்துக்குக் கிடைப்பது 15 பிக்சல் உயரம். அதில் புள்ளிக்கு ஒன்றிரண்டு பிக்சல். 'ர'வின் சாய்வுக்கும் அவ்வளவுதான். 14 இன்ச்சில் 1920 × 1200 என்றால் இன்ச்சுக்கு 162 பிக்சல், அதே எழுத்துக்கு 25 பிக்சல் கிடைக்கும். 'வர'வும் 'வா'வும் பிரிந்து தெரிவதற்குத் திரையின் இன்ச்சைவிட இதுதான் முக்கியம். விண்டோஸில் எழுத்தையும் மெனுவையும் பெரிதாக்கும் காட்சி அளவை 150 சதவீதம் வைத்தால் மெனு எழுத்துகள் பழைய லேப்டாப்பில் பார்த்ததைவிட ஒரு துளி சின்னதாக, ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். 100 சதவீதத்தில் விட்டால் எல்லாம் எறும்பாகிவிடும். வாங்கியவுடன் திரை ரொம்பச் சின்னது என்று திருப்பிக் கொடுக்கிறவர்களில் பலர் இதை மாற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஃபோன் கதை வேறு. 2007இல் முதல் ஐஃபோன் 3.5 இன்ச். 2011இல் சாம்சங் கேலக்ஸி நோட் 5.3 இன்ச்சில் வந்தபோது இது ஃபோனுக்கு மிகப் பெரிது என்று விமர்சனம் எழுதியவர்கள் நிறைய. இன்று 5.3 இன்ச் என்றால் சின்ன ஃபோன் என்று அர்த்தம். ஆனால் கை வளரவில்லையே, எப்படி இது நடந்தது? ஐஃபோன் 8 பிளஸ்ஸும் ஐஃபோன் 14 பிளஸ்ஸும் என் மேசைக்கு வரும்போது ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பேன். முதலாவது 5.5 இன்ச், இரண்டாவது 6.7 இன்ச். உடல் அகலம் இரண்டுக்கும் 78.1 மி.மீ. உயரம் 158.4க்கு 160.8. எடை 202 கிராமுக்கு 203. ஒரே உடல்தான். மேலும் கீழும் இருந்த பட்டைகளையும் வட்டப் பட்டனையும் எடுத்துவிட்டு அந்த இடத்துக்குத் திரையை நீட்டிவிட்டார்கள். திரை நீளம் 3 செ.மீ.க்கு மேல் கூடியது. திரை அகலம் கூடியது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு!

இதுதான் உங்களுக்கு முக்கியம். 6.7 இன்ச் ஃபோன் டேப்லெட்டாகிவிடவில்லை. 2012இல் வந்த நெக்சஸ் 7 டேப்லெட்டின் திரை 9.4 × 15.1 செ.மீ. இன்றைய 6.7 இன்ச் ஃபோனில் திரை நீளம் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது, 15.4. அகலம் 7.1தான். ஒரு டெமி பக்கத்தை அந்த அகலத்துக்குள் அடக்கினால் பாதியாகிவிடும், 11 பாயின்ட் எழுத்து ஐந்தரையாகும். ஏ4 பக்கம் மூன்றில் ஒன்றாகும். எண் பக்கத்தில் வந்துவிட்டது, அகலம் வரவில்லை.

8 இன்ச் ஏன் ஓரம் போனது என்றால், ஃபோன் வளர்ந்து அதன் அன்றாட வேலைகளை எடுத்துக்கொண்டதால்தான். வீடியோ, சாட், செய்தி எல்லாம். 2010இல் ஸ்டீவ் ஜாப்ஸ் 7 இன்ச் டேப்லெட்களைப் பற்றிப் பேசும்போது, ஃபோனோடு போட்டி போட அவை பெரிது, ஐபேடோடு போட்டி போடச் சிறிது என்றார். இரண்டே வருடத்தில் ஆப்பிளே 7.9 இன்ச்சில் ஐபேட் மினி கொண்டுவந்தது. அன்று இரண்டுக்கும் நடுவில் உண்மையில் இடம் இருந்தது, ஏனென்றால் ஃபோன் நாலு இன்ச். அந்த இடத்தைத்தான் பிறகு ஃபோன் கீழிருந்து தின்றது. டேப்லெட் வேறு வழியில்லாமல் மேலே, லேப்டாப் பக்கம் நகர்ந்தது. கீபோர்டு, பேனா எல்லாம் சேர்ந்தன.

மடக்கு ஃபோனைப் பற்றி: சாம்சங் 2019இல் முதல் ஃபோல்டைக் கொண்டுவந்தபோது உள்திரை 7.3 இன்ச். பிறகு 7.6, 2025இல் 8. ஹுவாவெய் 2024இல் மூன்றாக மடங்கும் ஒன்றை 10.2 இன்ச்சில் விட்டது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு. ஆனால் புத்தகம் போல இரண்டாக மடங்குபவை விரித்தால் பெரும்பாலும் கிட்டத்தட்ட சதுரமாகத்தான் இருக்கும். 7.6 இன்ச் உள்திரை 12.4 × 14.8 செ.மீ. பரப்பளவில் 8 இன்ச் டேப்லெட்டுக்குச் சமம். அதில் ஒரு டெமி பக்கத்தை முழுதாக வைத்தால் உயரம் இடிக்கும், 69 சதவீதத்துக்குச் சுருங்கும், இரண்டு ஓரமும் சும்மா கிடக்கும். உங்கள் 8 இன்ச் டேப்லெட்டில் அதே பக்கம் 77 சதவீதத்தில் தெரியும். மடக்கு ஃபோன் பல வேலைகளுக்கு நல்லது. நின்றவாக்கில் இருக்கும் புத்தகப் பக்கத்துக்குப் பொருத்தமில்லை.

11 இன்ச் டேப்லெட் வாங்குங்கள். 16:10 ஆனால் 14.8 × 23.7 செ.மீ. ஐபேட் வடிவமானால் 16 × 22.9 செ.மீ. இரண்டிலும் டெமி பக்கம் அசல் அளவிலேயே உட்காரும். ஏ4 அடிக்கடி வந்தால் மட்டும் 13 இன்ச். 4:3 வடிவத்தில் அது ஏ4ஐ 89 சதவீதத்தில் காட்டும்.

---

உள்ளங்கை எழுதியது:

மேலே உள்ள பதில் அருமை. ஆனால் 'கை வளரவில்லையே' என்ற இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்த விரும்புகிறேன்.

எனக்குச் சின்னக் கை. ஐஃபோன் 13 மினிதான் வைத்திருக்கிறேன். 64.2 மி.மீ. அகலம், 141 கிராம். 4.7 இன்ச் திரை கொண்ட ஐஃபோன் 8ஐவிட உடல் சின்னது, ஆனால் திரை 5.4 இன்ச். விளிம்பு சுருங்கியதை உடலைச் சின்னதாக்கவும் பயன்படுத்த முடியும் என்பதற்கு என் பையில் சாட்சி இருக்கிறது. 2020இல் 12 மினி, 2021இல் 13 மினி, 2022இல் மினி இல்லை. அந்த இடத்தில் பிளஸ் வந்தது.

ஏன் என்றும் எனக்குத் தெரியும். கேமரா, போர்டு, ஸ்பீக்கர் எல்லாம் சின்ன ஃபோனிலும் ஏறக்குறைய அதே இடத்தைப் பிடிக்கும், மிச்சம்தான் பேட்டரிக்கு. உடல் சுருங்கினால் அடி வாங்குவது பேட்டரி. அப்புறம், ஃபோன் ஒன்றே கணினியாக இருக்கும் கோடிக்கணக்கானவர்கள் பெரிய திரையைத்தான் கேட்பார்கள், அது நியாயம். அவர்களுக்கு அதிலேயே விண்ணப்பம், பாடம், வேலை எல்லாம் நடக்க வேண்டும்.

ஆனாலும் ஒரு கையில் குழந்தையையோ பஸ் கம்பியையோ பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஃபோனை இயக்குகிறவர்களும் மனிதர்கள்தான். பெருவிரல் மேல் மூலையை எட்டாத சாமானைத் தினம் நூறு முறை கையில் திருப்பித் திருப்பிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும், ஃபோன் விழும். மடக்கு ஃபோனில் மேலிருந்து கீழாக மடங்கும் சின்ன வகை இருக்கிறதே என்பார்கள். மடித்தால் பையில் அடங்கும், உண்மை. திறந்தால் மறுபடி 6.7 இன்ச், மறுபடி இரண்டு கை.

அக்கா கேட்டதற்கு இது பதிலில்லை, தெரியும். அளவுகள் 'மாறுகின்றன' என்று பேசும்போது எந்த அளவு முற்றிலும் கைவிடப்பட்டது என்பதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும்.

---

அகலம்320 எழுதியது:

நான் இணையப் பக்கங்கள் வடிவமைக்கிறவன். திரைமாற்றி சொன்ன 'நீளம்தான் கூடியது, அகலம் இல்லை' என்பதை எங்கள் பக்கத்து எண்களே சொல்லும்.

பிரவுசருக்குத் திரையின் உண்மையான பிக்சல் தெரியத் தேவையில்லை. அது ஒரு கணக்கு அகலத்தை வைத்துக்கொள்ளும். முதல் ஐஃபோனில் அது 320. வெகுகாலம் ஆண்ட்ராய்டு ஃபோன்களில் 360. ஐஃபோன் 14 பிளஸ்ஸில் 428. அதாவது குறுக்களவு 3.5இலிருந்து 6.7க்கு, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆன காலத்தில், எங்களுக்குக் கிடைத்த அகலம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. உயரமோ 480இலிருந்து 926. அதே எழுத்து அளவில் தமிழ்ப் பத்தி ஒன்றை ஓடவிட்டால் ஒரு வரிக்கு ஒரு சொல் கூடுதலாக வரும், சில சமயம் ஒன்றரை. 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' மாதிரி ஒரு சொல் வந்துவிட்டால் அதுவும் போச்சு, பாதி வரி வெள்ளையாக நிற்கும்.

ஈதன் மார்காட் என்ற இணைய வடிவமைப்பாளர் 2010இல் 'ரெஸ்பான்சிவ்' வடிவமைப்பு என்று எழுதியபோது ஒரே பக்கம் எல்லா அகலத்துக்கும் வளைந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. இப்போது எங்களுக்குப் பெரிய தலைவலி அகலம் இல்லை, பெருவிரல் எட்டும் உயரம். உள்ளங்கை சொன்னதை நிறுவனங்களும் உணர்ந்துதான் இருக்கின்றன. ஆப்பிள் 2014இல் ஃபோனைப் பெரிதாக்கிய அதே நேரத்தில் திரையைக் கீழே இழுத்துக்கொள்ளும் வசதியை வைத்தது. சாம்சங் 2018இல் தன் ஃபோன்களுக்கு ஒன் யூஐ என்ற புதுத் திரை அமைப்பைக் கொண்டுவந்தபோது தொட வேண்டியவற்றைக் கீழ்ப் பாதிக்கு இறக்கியது. 2021இல் ஐஃபோனின் சஃபாரி பிரவுசரில் முகவரிப் பட்டையே அடியில் வந்து உட்கார்ந்தது. மேல் பாதி பார்ப்பதற்கு, கீழ் பாதி தொடுவதற்கு என்று ஃபோன் திரை இரண்டாகப் பிரிந்துவிட்டது. நாங்கள் வரையும் மெனுக்களும் பின்னாலேயே இறங்கிவிட்டன.

---

வெள்ளெழுத்து50 எழுதியது:

எல்லோரும் சென்டிமீட்டரில் பேசுகிறீர்கள், தூரத்தை யாரும் சொல்லவில்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அதுதான் முதல் கணக்கு.

கண்ணில் விழும் எழுத்தின் அளவு திரையில் இருக்கும் அளவை மட்டும் பொறுத்ததில்லை. 30 செ.மீ. தூரத்தில் பிடிக்கும் ஃபோனில் 2 மி.மீ. எழுத்தும், 60 செ.மீ. தள்ளியிருக்கும் லேப்டாப்பில் 4 மி.மீ. எழுத்தும் கண்ணுக்கு ஒன்றுதான். இளவயதில் சின்னத் திரையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சமாளித்துவிடலாம். வெள்ளெழுத்து வந்தபின் கண்ணின் லென்ஸ் அந்தக் கிட்டத் தூரத்துக்கு வளைந்து கொடுக்காது. கை தானாக நீளும். ஃபோன் 30இலிருந்து 45க்குப் போகும். அப்போது அதே எழுத்தைப் பார்க்க ஒன்றரை மடங்கு பெரிய எழுத்து வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி உடையும். ஆக அதே ஃபோன் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் சின்னதாகிவிடுகிறது. பெரிய ஃபோன்களை வாங்குகிறவர்களில் படம் பார்ப்பதற்காக இல்லாமல் இதற்காகவே வாங்கும் வயதுக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அம்மா, நீங்கள் டேப்லெட்டை எந்தத் தூரத்தில் பிடிக்கிறீர்கள் என்று டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வாசிப்புக் கண்ணாடி போட்டவரானால் அது எந்தத் தூரத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 40 செ.மீ.க்குக் கொடுத்த கண்ணாடியோடு 60 செ.மீ. தூரத்து லேப்டாப்பைப் பார்த்தால் எத்தனை பிக்சல் இருந்தாலும் மங்கலாகத் தெரியலாம்.

---

ஒற்றுப்புள்ளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திரைமாற்றி சொன்ன அளவுகளில் காகிதம் வெட்டி, அச்சான ஒரு டெமி புத்தகத்தின் பக்கத்தோடு வைத்துப் பார்த்தேன். 11 இன்ச் காகிதத்தில் பக்கம் முழுதாக உட்கார்ந்து ஓரத்தில் குறிப்பு எழுத இடமும் மிஞ்சியது. 7.6 இன்ச் சதுரத்தில் பக்கத்தின் கடைசி நாலில் ஒரு பங்குக்கு மேல் வெளியே தொங்கியது. மடக்கு ஃபோன் ஆசை அத்தோடு தீர்ந்தது.

தூரத்தையும் அளந்தேன். டேப்லெட் 38, 40 செ.மீ. பக்கம் நிற்கிறது, லேப்டாப் 60க்குக் கொஞ்சம் மேல். என் கண்ணாடி வாசிப்புத் தூரத்துக்கு மட்டும் கொடுத்தது. மாலையில் லேப்டாப் முன்னால் கழுத்தை முன்னுக்கு நீட்டி உட்காருவது ஏன் என்று இப்போது புரிகிறது. கண் மருத்துவரிடம் இதைத் தனியாகக் கேட்கப் போகிறேன்.

டேப்லெட் முடிவாகிவிட்டது. லேப்டாப்பில்தான் இன்னும் குழப்பம். 16 இன்ச்சின் அந்த இரண்டு சென்டிமீட்டர் ஆசையாக இருக்கிறது, ஆனால் எடை அதிகம். வாரத்தில் பாதி நாள் பதிப்பகத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். 14 இன்ச் வாங்கி வீட்டு மேசையில் ஒரு மானிட்டர் வைத்துக்கொள்வது சரியாக வருமா? வைத்தால் 24 இன்ச்சா, 27 இன்ச்சா?

---

திரைமாற்றி எழுதியது:

சரியாக வரும், உங்கள் நிலையில் நானும் அதையே செய்வேன். தூக்கிப் போவது 14, மேசையில் மானிட்டர்.

24 இன்ச் 16:9 மானிட்டரின் உயரம் 29.9 செ.மீ. ஏ4 தாளின் உயரம் 29.7. மெனுவை மறைத்துவிட்டு முழுத்திரையில் வைத்தால் ஆய்வேட்டுப் பக்கம் அசல் அளவில் நிற்கும், பக்கத்தில் இன்னொன்றுக்கும் இடம் இருக்கும். ஆனால் 24 இன்ச்சில் மலிவாகக் கிடைப்பவை 1920 × 1080. இன்ச்சுக்கு 92 பிக்சல்தான், உங்கள் பழைய லேப்டாப்பைவிடக் குறைவு. புள்ளி பார்க்கிறவருக்கு அது ஆகாது. எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடிய இன்னொரு இடம் இது. திரை பெரிது, எழுத்து சொரசொரப்பு.

27 இன்ச்சில் 4கே (3840 × 2160 பிக்சல்) எடுத்தால் இன்ச்சுக்கு 163 பிக்சல். 14 இன்ச் லேப்டாப்பின் 162க்கு அப்படியே பொருந்தும். இரண்டுக்கும் 150 சதவீதம் வைத்துவிட்டால், ஜன்னலை அங்கிருந்து இங்கே இழுத்தாலும் எழுத்து அளவு மாறாது. இடம் குறைவு என்றால் 24 இன்ச்சிலேயே 4கே கிடைக்கிறதா என்று தேடுங்கள், 184 பிக்சல் வரும், இன்னும் கூர்மை. ஆனால் வகைகள் குறைவு. மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பும் ஸ்டாண்டு இருந்தால் நல்லது. திருப்பிய 27 இன்ச்சில் அகலம் 33.6 செ.மீ., இரண்டு டெமி பக்கம் பக்கத்தில் பக்கத்தில் நின்று கீழே குறிப்புக்கும் இடம் மிஞ்சும்.

உயரம் மட்டும் நீளும் லேப்டாப் ஒன்று வந்திருக்கிறது, லெனோவோ 2025இல் விட்டது. 14 இன்ச் திரை சுருளிலிருந்து மேலே எழுந்து 16.7 ஆகும், அகலம் அப்படியே இருக்கும். பக்கம் பார்க்கிறவர்களை நினைத்து ஒருவராவது திரை செய்தார்களே என்று எனக்குச் சந்தோஷம். ஆனால் சுருளும் திரையை உடைந்தபின் மாற்றுவது எப்படி இருக்கும் என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. உங்கள் பிழைப்புக்கான கருவியில் இப்போதைக்கு வேண்டாம்.

ஒன்றே ஒன்று. பிடிஎஃப் வாசிப்பானில் 100 சதவீதம் என்று காட்டுவது எப்போதும் அசல் அளவாக இருக்காது, திரையின் பிக்சல் அடர்த்தியை அது தவறாக எடுத்துக்கொண்டிருக்கலாம். புது லேப்டாப், மானிட்டர் இரண்டிலும் ஒரு டெமி பக்கத்தைத் திறந்து, ஸ்கேலைத் திரைமேல் வைத்து, பக்கத்தின் அகலம் 14 செ.மீ. வரும்வரை ஜூமை மாற்றுங்கள். அப்போது என்ன சதவீதம் காட்டுகிறது என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரை ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். இரண்டு திரைக்கும் வேறு வேறு எண் வரலாம்.